முப்பத்தேழாம் பக்கம் பற்றி அக்காவுக்கு

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மருமகளும் நலம். அங்கு நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேரில் உங்களை 'நீ, வா, போ' என்று பேசுகிறவன் கடிதத்தில் 'நீங்கள்' போட்டிருப்பதைப் பார்த்ததுமே, இவன் ஏதோ செய்துவிட்டான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். செய்துவிட்டேன். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

என் மகள் விமானி ஆவதற்கு நீங்கள் செய்ததை நான் எழுதிக் காட்டவேண்டியதில்லை. முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்றே சம்பாதித்த ஓய்வுப் பணத்தை அப்படியே கொண்டுபோய் விமானப் பள்ளியில் கட்டினீர்கள். லைசென்ஸ் வந்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு போனால் விமானத்தின் படிக்கட்டில்கூட ஏற்றமாட்டார்கள், வேலை கொடுக்கிற கம்பெனி வைத்திருக்கிற விமான ரகத்துக்கென்று தனியாக ஒரு பயிற்சி எடுக்கவேண்டும், நீல பஸ் ஓட்ட ஒரு படிப்பு, பச்சை பஸ் ஓட்ட இன்னொரு படிப்பு என்பதுபோல, அதற்கான கட்டணம் நீங்கள் ஏற்கெனவே கட்டியதில் பாதி. மறுபடியும் உங்களிடம் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை. அந்த நேரத்தில்தான் விமானக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரர், "பயிற்சிச் செலவை நாங்க போடறோம், பொண்ணு அஞ்சு வருஷம் எங்க மூலமா பறந்தா போதும்" என்று சொல்லி அறுபத்தொரு பக்க ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார்.

அக்கா, நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். எத்தனையோ பேருடைய பத்திரத்தில் கமா விட்டுப்போனதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தத் திமிரில், "குடும்மா, நான் படிச்சுச் சொல்றேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அட்டையில் மேகத்துக்கு நடுவே ஒரு விமானம் போட்டிருந்தது. அதையே கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்பது பக்கம் படித்தேன். பத்தாம் பக்கத்தில் 'மேற்கூறிய' என்ற சொல் ஒரே வரியில் நான்கு தடவை வந்தது, கண்ணைக் கட்டிவிட்டது. காலையில் அவள், "படிச்சிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். "வரி விடாம. தைரியமா கையெழுத்துப் போடு" என்றேன். அதே வாயால்தான் உங்கள் வீட்டுக்கு வந்து, கடைசிப் பக்கத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும், வெறும் சாட்சிக் கையெழுத்துதான், படிக்க ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

இதில் வேலை எப்படி என்றால், விமானக் கம்பெனி அவளை வேலைக்கு வைக்கவில்லை, ஏஜென்சியும் வைக்கவில்லை. அவள் தன் பெயரில் ஒரு கம்பெனி தொடங்கவேண்டும், அந்தக் கம்பெனி அவளை ஏஜென்சிக்கு அனுப்பும், ஏஜென்சி விமானத்துக்கு அனுப்பும். ஆக, படுக்கையறையிலிருந்து விமானத்துக்குப் போவதற்குள் அவள் மூன்று கம்பெனி தாண்டவேண்டும். எனக்கு இது தப்பாகவே படவில்லை, ஏனென்றால் அந்தக் கம்பெனிக்கு இரண்டாவது டைரக்டராக என் பெயரைப் போட்டார்கள். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, விசிட்டிங் கார்டு அடித்தேன், ஐந்நூறு. முடிவெட்டுகிற கடையில் ஒன்று கொடுத்தேன், பல் டாக்டரிடம் ஒன்று கொடுத்தேன், மின்சாரக் கணக்கெடுக்க வந்தவரையும் சும்மா அனுப்பவில்லை.

முதல் மாதம் பணம் வந்தது. ஒரு காசு வரி பிடிக்கவில்லை. விமானிகளுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் பூரித்துப்போனேன். வரியை நாமே கணக்குப் போட்டுக் கட்டவேண்டும் என்பதால்தான் பிடிக்கவில்லை என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதாம், பதினான்காம் பக்கத்தில். கணக்கை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அவள் நிம்மதியாகப் பறந்துகொண்டிருந்தாள். நான் இங்கே வரிக்கென்று ஒதுக்கவேண்டியதில் மொட்டைமாடி ஒழுகலை அடைத்தேன், ஒரு பெரிய சோபா வாங்கினேன், இரண்டு பல் கட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் கம்பெனிச் செலவு என்று எழுதி, என் அழகான கையெழுத்தில், வரி அலுவலகத்துக்கும் அனுப்பிவைத்தேன்.

பதினெட்டாவது மாதம் கூப்பிட்டார்கள். அவள் விமானத்திலிருந்து இறங்கி நேராக அங்கே வந்தாள், யூனிஃபார்ம், தொப்பி, சக்கரம் வைத்த பை எல்லாவற்றோடும். வாசலில் இருந்த காவலாளி எழுந்து சல்யூட் அடித்தார். உள்ளே எங்களை விசாரித்த பெண் அதிகாரிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என் கணக்கை விரித்து வைத்துக்கொண்டு அந்த அதிகாரி மெதுவாகக் கேட்டாள்.

"இந்த சோபா எந்த விமானத்துல இருக்கு சார்?"

"வீட்டுலதான் இருக்கும்மா. பைலட்டுக்கு முதுகு முக்கியம்."

"அதுல யார் உக்காருவாங்க?"

"பெரும்பாலும் நான்தான்."

"பல்லு?"

"அதுவும் நான்தான். டைரக்டரா போயி நாலு பேரைப் பாக்கணும்னா…"

அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று நான் பார்க்கவில்லை. என் மகளைத்தான் பார்த்தேன். அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து அதன் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இருநூறு பேரைக் கூட்டிக்கொண்டு மேகத்துக்குள் போய் வருகிறவள், தன் அப்பாவின் கடைவாய்ப் பல்லுக்காக அங்கே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா, அந்த நிமிடம் நான் அந்தப் பல்லைப் பிடுங்கி மேசையில் வைக்கத் தயாராக இருந்தேன்.

விஷயம் அதோடு முடியவில்லை. அதிகாரி எங்கள் ஒப்பந்தத்தின் நகலைப் புரட்டி, "இதைப் பாத்தீங்களா?" என்று முப்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பி வைத்தாள். வரி பாக்கி என்று நிரூபணம் ஆனால் ஏஜென்சி என் மகளை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம். நிறுத்தினால் பயிற்சிச் செலவு முழுவதையும் திருப்பிக் கட்டவேண்டும். அவளால் முடியாவிட்டால், கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்ட ஜாமீன்தாரரின் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஜாமீன்தாரர் நீங்கள்தான். நான் சாட்சி என்று சொன்னது அதைத்தான்.

வெளியே நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அப்பா, நிஜமாச் சொல்லுங்க. எத்தனை பக்கம் படிச்சீங்க?"

"ஒன்பது."

அவள் பையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "நான் நாலு. நீங்க படிச்சிட்டீங்கன்னு நினைச்சு விட்டுட்டேன்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் கையிலிருந்த ஃபைலை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, மறுபடி உள்ளே போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து வந்தாள். பாக்கியையும் அபராதத்தையும் இருபது தவணையில் கட்டலாம், தவறாமல் கட்டும்வரை பாக்கி என்று எழுதமாட்டார்கள், ஆகவே முப்பத்தேழாம் பக்கத்துக்கு வேலை வராது. முதல் தவணை கட்டியாகிவிட்டது. சோபாவை விற்றுவிட்டோம். நான் டைரக்டர் பதவியை ராஜினாமா செய்துவிட்டேன், கணக்கை இப்போது முறையாகப் படித்த ஒரு ஆடிட்டர் பார்க்கிறார். மீதிக் கார்டுகளின் பின்பக்கத்தில் கடைக்குப் போகும்போது சாமான் பட்டியல் எழுதுகிறேன்.

ஆனாலும் உங்கள் வீட்டை நான் உங்களுக்குத் தெரியாமல் அடகு வைத்ததுபோல்தான் இதுவும். போனில் சொல்ல மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் முழங்காலைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். எனவே இதை எழுத்திலேயே சொல்கிறேன். என்னை மன்னிக்கவேண்டாம், ஆனால் இனிமேல் நான் நீட்டுகிற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் உடம்பு நன்றாக இருக்கவும், படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்,
உங்கள் தம்பி

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் மகள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "இதெல்லாம் அத்தைக்குத் தெரியும்பா" என்கிறாள். அன்று மறுபடி உள்ளே போன அந்த அரை மணி நேரத்திலேயே உங்களுக்குப் போன் செய்தாளாம். முதல் தவணையும் நீங்கள் அனுப்பியதுதானாம். அதைவிட, கையெழுத்துக்காக அந்த ஒப்பந்தக் கட்டை உங்கள் வீட்டில் விட்டுவிட்டு நான் பஸ் பிடிக்க ஓடினேனே, அது உங்களிடம் இருந்த இரண்டு நாளில், அறுபத்தொரு பக்கத்தையும் உட்கார்ந்து படித்து, ஜாமீன் என்று தெரிந்தேதான் போட்டீர்களாம். "அப்புறம் ஏம்மா இத்தனை நாளா என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். "அத்தைதான் சொல்லாதேன்னாங்க. 'அவனே எழுதட்டும். அவன் எனக்கு ஒரு கடிதம் போட்டு பதினோரு வருஷம் ஆச்சு'ன்னாங்க" என்கிறாள்.