மோடத்துக்குச் சாம்பிராணி

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்படி ஒரு கூட்டம். சினிமாவுக்கு என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ரேஷனுக்கும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, சமுத்திரம் என்பவர் நடத்திய பிரௌசிங் சென்டர் வாசலில், இன்டர்நெட் சித்தரைப் பார்க்க ஜனம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டரை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. அதனாலென்ன, தேங்காய் பழத்தோடு வந்திருந்தார்கள்.

சித்தரின் இயற்பெயர் ராஜரத்தினம். போன வருஷம் வரைக்கும் வாஸ்து மீன் விற்றுக்கொண்டிருந்தார். மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்ததும், வாங்கினவர்கள் வீடு தேடி வர ஆரம்பித்ததும், அவருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. காவி கட்டினார். ஆமை மாதிரி ஊர்ந்து வருகிற வெப்சைட்டை ஒரே பூஜையில் குதிரையாக ஓடவைக்கிறார் என்று பேச்சு சங்கரன்கோவில் வரை பரவியது.

அந்த வரிசையில் பட்டு வேட்டி கட்டி, வேர்த்து விறுவிறுத்து நின்றார் ராஜபாளையம் ஐயாதுரை. பேண்டேஜ் துணி நெய்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறவர். கூட நின்ற செல்லக்கனி அவர் சம்சாரம். தறிக்கூடத்தில் பாதி நிர்வாகம் அந்த அம்மாள் கையில்தான். மீதியும் அவர் கையில்தான் என்று தறிக்காரர்கள் சொல்வார்கள்.

ஐயாதுரைக்கு இருந்த கவலை சின்னக் கவலை இல்லை. ஜெர்மனியில் ஒரு கம்பெனி, உங்கள் துணியை வெப்சைட்டில் பார்த்துவிட்டு ஆர்டர் தருகிறோம் என்றிருந்தது. கிடைத்தால் வருஷம் முழுக்கத் தறி ஓடும். கிடைக்காவிட்டால் பாதித் தறியை நிறுத்தி, நெய்கிறவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வெப்சைட்டும் இருந்தது. திறக்கத்தான் மாட்டேனென்றது.

உள்ளே சித்தர் மானிட்டர் முன்னால் புலித்தோல் அச்சடித்த போர்வையில் உட்கார்ந்திருந்தார். ஐயாதுரையின் வெப்சைட்டைத் திறந்தார். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. கூட்டம் கொட்டாவி விட்டது. ஒருத்தர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். அப்போதும் பேண்டேஜ் பாதிதான் வந்திருந்தது.

"அண்ணாச்சி, இதை யாரெல்லாம் பாக்கலாம்?" என்று கேட்டார் சித்தர்.

"உலகத்துல யாரு வேணாலும் பாக்கலாம் சாமி."

"உலகமே பாக்குற எடத்துல கண்ணு படாம இருக்குமா? வீடு கட்டுனா பூசணிக்காய் கட்டுதிய. இதுக்கு என்ன கட்டுனிய?"

ஐயாதுரைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆமாம், ஒன்றுமே கட்டவில்லையே. நாமெல்லாம் மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சித்தர் எலுமிச்சம்பழத்தை மானிட்டரைச் சுற்றிச் சுழற்றினார். டெலிபோன் வயர் வழியே இன்டர்நெட்டை இழுத்துத் தருகிற மோடத்துக்குச் சாம்பிராணி காட்டினார். மவுசுக்குக் குங்குமம் வைத்தார். பிறகு அந்தப் பக்கத்தை மூடி மறுபடியும் திறந்தார். படக்கென்று மொத்தப் படமும் வந்து நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஐயாதுரையின் கண்ணில் தண்ணீர்.

"இது போதாது. முதல் பக்கத்துல பெருசா ஒரு திருஷ்டிப் பூசணிப் படம் போடுங்க. கொம்பு, மீசை, நாக்கு எல்லாம் இருக்கணும். எம்புட்டுப் பெருசோ அம்புட்டு நல்லது" என்றார் சித்தர். தட்சணைத் தட்டு ஐயாதுரையின் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

"இங்க வேகமா வந்தா ஜெர்மனிக்காரனுக்கு என்ன லாபம்?" என்று கேட்டார் செல்லக்கனி.

"ஏட்டி, சாமிகிட்ட எதிர்க்கேள்வி கேக்காத" என்றார் ஐயாதுரை.

பூசணி ஏறியது. அடுத்த வாரமே ஜெர்மனியிலிருந்து பேக்ஸ் வந்தது. செல்லக்கனி அதை எழுத்துக் கூட்டி, தமிழில் சொன்னார்: உங்கள் வெப்சைட்டைத் திறந்தோம். வெகுநேரம் கழித்து இரண்டு கொம்புகள் வந்தன. காப்பி குடித்துவிட்டு வந்தோம், கண்கள் வந்திருந்தன. சாப்பிட்டுவிட்டு வந்தோம், நாக்கு வந்திருந்தது. அவர் உங்கள் நிறுவனரா? துணியைக் காணவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பார்க்க முடியாவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறோம்.

ஐயாதுரை அலறியடித்துக்கொண்டு சித்தரிடம் ஓடினார். சித்தர் அசரவில்லை. ஜெர்மனிக்காரன் வீட்டுத் தோஷம் கடல் தாண்டி எதிர்த்து அடிக்கிறது என்றார். பெரிய ஹோமமாகச் செய்து இங்கிருந்தே அதை அடக்கிவிடலாம், தட்சணைதான் கொஞ்சம் கூடும் என்றார். தறியில் ஒன்றை விற்றாவது செய்துவிடுவது என்று ஐயாதுரை முடிவு கட்டினார். பேண்டேஜ் செய்கிறவர் தறியை விற்றுவிட்டு எதை அனுப்புவார் என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஹோமம். பிரௌசிங் சென்டருக்குள் புகை மண்டி, எது கீபோர்டு எது கொழுக்கட்டை என்று தெரியவில்லை. வெப்சைட்டைத் திறந்தார்கள். கொம்பு வந்து, கண் வந்து, நாக்கு வந்து சேருவதற்குள் ஜனத்துக்குக் கால் கடுத்துவிட்டது. சித்தர் எலுமிச்சம்பழம் சுற்றினார். மூடினார். திறந்தார். பூசணி படக்கென்று வந்து பல்லைக் காட்டியது. கூட்டம் கும்பிட்டது.

செல்லக்கனி நேராகச் சுவர் பக்கம் போனார். மோடத்துக்கு வருகிற டெலிபோன் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சாமி, இப்ப ஒருக்கா மூடித் திறங்க."

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? வயர் இல்லாம எப்படி வரும்?" என்று பதறினார் ஐயாதுரை.

சித்தர் வயரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டாவது தடவை திறந்தால் வேகமாக வரும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. வேறு வழியில்லாமல் மூடித் திறந்தார்.

பூசணி வந்தது.

எல்லாரையும்விட அதிர்ந்து போனவர் சித்தர்தான். ஆனாலும் கைதேர்ந்த ஆள் இல்லையா, உடனே சமாளித்துக்கொண்டு எழுந்து நின்றார். "பாத்தியளா, வயரெல்லாம் மனுசப் பயலுகளுக்குத்தான். நமக்கு எதுக்கு?"

அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. பட்டு வேட்டி அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் முதலில் விழுந்தவர் ஐயாதுரை. பித்தலாட்டத்துக்குச் சாட்சி கண்ணெதிரே தொங்குகிறது. நம் ஆட்கள் அதற்கும் ஒரு கும்பிடு போடுகிறார்கள்.

செல்லக்கனி வயரைக் கீழே போடவில்லை. "நல்லது சாமி. அப்ப வயர் இல்லாமலே எங்க ரெண்டாவது பக்கத்தையும் திறந்திருங்க. துணி சாம்பிள் படம் அதுலதான் இருக்கு. இந்தப் பெட்டியில அதை இதுவரைக்கும் ஒருத்தரும் திறக்கல."

சித்தர் கிளிக் செய்தார். வரவில்லை. எலுமிச்சம்பழம் சுற்றிவிட்டுக் கிளிக் செய்தார். இன்னொரு பழம் கேட்டார். பழமெல்லாம் தீர்ந்த பிறகு திரையில், அப்படி ஒரு பக்கத்தைக் காட்ட முடியாது என்று இங்கிலீஷில் வந்து நின்றது. கீழே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

"என்ன சமுத்திரம், நீயாவது சொல்லேன்" என்றார் செல்லக்கனி.

கடைக்காரர் சமுத்திரம் தலையைச் சொறிந்தார். "ஒண்ணுமில்லக்கா. ஒருக்கா திறந்த படத்தை இந்தப் பெட்டி தனக்குள்ள ஒரு நகல் எடுத்து வச்சுக்கிடும். அடுத்த வாட்டி கேட்டா பக்கத்துல இருக்குறதையே எடுத்து நீட்டிரும். ஜெர்மனிக்காரன் பெட்டியில அந்த நகல் இல்ல. உங்க வெப்சைட்டு இருக்குறது மெட்ராஸ்ல ஒத்த மெஷின்ல. அவனுக்கு எல்லாம் அங்க இருந்து கடல் தாண்டிப் போகணும்."

"அப்பவே ஏன்டா சொல்லல?" என்று பாய்ந்தார் ஐயாதுரை.

"நீங்க கேக்கலியே அண்ணாச்சி. சொன்னா கூட்டமும் போயிரும்லா."

இந்தச் சந்தடியில் சித்தர் கொல்லைப்புற வழியாக நழுவிவிட்டார். தட்டை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

செல்லக்கனி யோசித்தார். "மெட்ராஸ் ஆஸ்பத்திரியில துணி கேட்டா, நம்ம தறியில இருந்தா எடுத்துக்கிட்டு ஓடுதோம்? அங்கயே குடோன்ல சரக்கு வச்சிருக்கோம், செத்த நேரத்துல போய்ச் சேருது. ஜெர்மனிக்காரனுக்குப் பக்கத்துல இதுக்கு ஒரு குடோன் கிடையாதா?"

"இருக்குக்கா. வெளிநாட்டுல இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காவ. ஊர் ஊருக்கு மெஷின் வச்சு அதுல நகலைப் போட்டு வைக்காவ. கேக்குறவனுக்கு எது பக்கமோ அதுல இருந்து போகும். ஆயிரம் பேர் சேந்தாப்புல வந்தாலும் ஒரே மெஷின் முட்டிக்கிட்டு நிக்காது. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு குடுக்கும். கடை நடத்துறவனுக்கு வந்த ஆளு திரும்பிப் போகாம இருந்தாப் போதும்லா?"

அன்று சாயங்காலமே பூசணியை இறக்கினார்கள். சமுத்திரம் செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, ஜெர்மனியிலேயே ஒரு மெஷினில் நகல் போட ஏற்பாடு செய்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பேக்ஸ் வந்தது. துணியைப் பார்த்தோம், பிடித்திருக்கிறது, அனுப்புங்கள். ஐயாதுரை தறிக்கூடத்துக்கு ஓடி, எல்லாத் தறியும் ஓடட்டும் என்று சத்தம் போட்டார். அப்படியே செல்லக்கனியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"என்னைய எதுக்குக் கும்பிடுதிய? இனிமேலாவது எதையும் கேட்டுப் பழகுங்க" என்றார் அந்த அம்மாள்.

ராஜரத்தினம் இப்போது தென்காசியில் இருக்கிறாராம். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும், தன்னிடம் தாயத்து வாங்கிக் கட்டினால் உங்களுடையது மட்டும் நிற்காது என்கிறாராம். அங்கேயும் கூட்டம் அலைமோதுகிறதாம். அத்தனை பேருக்கும் கை இருக்கிறது, அந்தக் கையைக் கும்பிட மட்டும்தான் தூக்குகிறார்கள். கேள்வி கேட்கவும் தூக்கலாம் ஐயா, ஒன்றும் ஒடிந்துபோகாது.