சம்பந்தி வாங்கிய தும்மல் வராத பூனை

மனிதர்களில் 'வாங்கிவிட்டவர்' என்று ஒரு ரகம் உண்டு. சாமான் வாங்குகிற எல்லாரும் இந்த ரகத்தில் சேர மாட்டார்கள். நானும் நீங்களும் ஒரு சாமான் வாங்குகிறோம், அது கெட்டுப் போகிறது, கடைக்காரனை நாலு வார்த்தை திட்டுகிறோம், சோறு தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறோம். வாங்கிவிட்டவர் அப்படி இல்லை. ரசீதில் கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து அவர் அந்தச் சாமானுக்குத் தகப்பனார் ஆகிவிடுகிறார். அவர் வாங்கிய குடை ஒழுகினால் மழை சரியில்லை. அவர் வாங்கிய கடிகாரம் பத்து நிமிடம் பிந்தினால் ரேடியோக்காரன் அவசரப்படுகிறான். அவர் வாங்கிய மிக்சி, தேங்காய்ச் சட்னியோடு தன் ரப்பரையும் சேர்த்து அரைத்துக் கொடுத்தால், "ஒரு வாசம் வருதுல்ல? அதுதான் கம்பெனி வாசம்" என்று இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கித் தின்பார்.

உங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறாரா? இல்லாமல் இருக்காது. நான் தெருவில் தேடவே வேண்டியிருக்கவில்லை. எனக்குச் சம்பந்தியாகவே கிடைத்தார்.

பெயர் அமலதாஸ். காரைக்குடியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் ஆரோக்கிய பிரபுவுக்குத்தான் என் மகள் மரிய அனிதாவைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். நான் அமராவதிபுதூர்க்காரன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு முப்பது வருடம் லாரி ஓட்டினவன். சம்பந்தி படித்தவர். ஏமாறுவதிலும் படித்தவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. நான் ஏமாந்தால் வாயில் வந்ததைச் சொல்வேன். அவர்கள் ஏமாந்தால் ஃபைல் போட்டு வைப்பார்கள்.

இந்த இரண்டு குடும்பத்துக்கும் நடுவில், தொண்ணூற்றாறாம் வருடம், ஒரு பெண் குழந்தை வந்து சேர்ந்தது. ஆன் மேரி. என் பேத்தி. அவருக்கும் பேத்திதான், ஆனால் அதை அவர் எழுதும்போது எழுதிக்கொள்ளட்டும். குழந்தைகள் எல்லாமே அழகுதான் என்று சொல்கிறவர்கள் என் பேத்தியைப் பார்க்காதவர்கள். ஒரே ஒரு குறை. பிள்ளை சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை. நானும் நாய் மாதிரி குரைத்து, ஏற்றத்தில் திணறுகிற லாரி மாதிரி உறுமி, பல்செட்டைக் கழற்றிக் காட்டி, என்னென்னவோ செய்து பார்த்தேன். மூன்று மாதமும் என்னை ஒரு ஜட்ஜ் பார்க்கிற மாதிரியேதான் பார்த்தது. முதல் சிரிப்பு என் மடியில்தான் என்று நான் முடிவு பண்ணி வைத்திருந்தேன்.

ஆனால் மூன்றாம் மாதம் முடிந்தால் பிள்ளை தகப்பன் வீட்டுக்குப் போக வேண்டும். அதுதானே வழக்கம்? எனக்கு மனசே இல்லை. கர்த்தர் என் மனசை அறிந்தவர். சம்பந்தி வீட்டுக்கு எலிகளை அனுப்பியிருந்தார். எலி இருக்கிற வீட்டில் தொட்டில் கட்ட முடியாது. எலி போக வேண்டுமென்றால் பூனை வேண்டும். பூனை வந்தால் என் மருமகனுக்கு மூக்கு அடைத்து, தும்மல் பிடித்து, மூச்சு இழுத்து, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓட வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படி. பிள்ளைக்கும் அப்பன் மூக்கே வாய்த்திருந்தால் என்ன செய்வது, பூனை முடி பக்கமே கொண்டுபோகாதே என்று டாக்டரும் அனிதாவிடம் சொல்லி வைத்திருந்தார். ஆகவே எலியும் போகாது, பூனையும் வராது, பிள்ளை என் வீட்டிலேயே இருக்கும். இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

எலி விரட்டும் மின்சார மிஷின் ஒன்றைச் சம்பந்தி ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தார். அதன் சூடு இதமாக இருந்ததால் எலிகள் அதன் பின்னால் குட்டி போட்டிருந்தன. "இங்குட்டு ஒரே எடத்துல சேத்து வச்சிருக்கு பாத்தீகளா? அதான் மிஷினோட வேலை" என்றார்.

அப்போதுதான் 'சுக சுவாசம்' கம்பெனி காரைக்குடிக்கு வந்தது.

லாட்ஜ் மாடியில் கூட்டம் போட்டார்கள். டை கட்டிய ஒருவர் ஒரு பூனையைத் தூக்கிக் காட்டி, இது வெளிநாட்டு வம்சம், இதன் முடியாலும் எச்சிலாலும் எந்த மனிதனுக்கும் தும்மல் வராது என்றார். ஏழு பேரை வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொருவர் மடியிலும் பூனையை இரண்டு நிமிடம் வைத்தார். ஒருவரும் தும்மவில்லை. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அந்த ஏழு பேருக்கும் எந்தப் பூனையாலாவது என்றைக்காவது தும்மல் வந்திருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கால்நடை டாக்டர் ஒருவர் எழுந்து, இப்படி ஒரு பூனை கிடையாது, ஏமாறாதீர்கள் என்றார். மறுநாள் ஊர் முழுக்கப் போஸ்டர்: 'பொறாமைக்காரர்களை நம்பாதீர்!' டீக்கடைக்கு டீக்கடை இரண்டு கட்சி பிரிந்து, கிளாஸ் வைக்கிற பெஞ்சில் கையால் குத்திச் சண்டை போட்டார்கள். சம்பந்தி எந்தக் கட்சி என்று நான் சொல்ல வேண்டுமா? முன்பதிவில் மூன்றாவது பெயர் அவருடையது. என்ன விலை என்று இன்று வரை மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

பூனை கூடையில் வந்தது. கூடவே ஒரு சர்டிபிகேட். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, திருக்குடும்பப் படத்துக்குக் கொஞ்சம் கீழே மாட்டினார். சர்டிபிகேட்டில் இருந்த படத்தில் பூனை வெள்ளை வெளேர் என்று பஞ்சுமூட்டை போல இருந்தது. கூடையில் இருந்தது பழுப்பில் வரி போட்ட கடுவன், ஒரு காது கிழிந்தது, முகத்தைப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டிலேயே வளர்ந்த முகம். "தண்ணி மாறுனா நெறம் மாறும்" என்றார் சம்பந்தி.

மூன்றாம் நாள் மீன்காரி அன்னக்கிளி கூடையை இறக்கினவள், மூக்கில் விரலை வைத்தாள்.

"ஆத்தாடி! இது எங்க கண்டரமாணிக்கத்துக் கடுவன்ல! ஏய் கருப்பட்டி, இங்கயா இருக்க?"

பூனை ஓடி வந்து அவள் காலைச் சுற்றியது.

"வெளிநாட்டுப் பூனை, யாரு கூப்பிட்டாலும் மரியாதையா வரும்" என்றார் சம்பந்தி.

"அந்தக் காது எங்க தெரு நாயி கடிச்சதுய்யா!"

"ஏன், வெளிநாட்டுல நாயி இல்லையா?"

அன்னக்கிளி நூறு கிராம் நெத்திலியை நிறுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

தும்மல் வந்ததா என்று கேட்கிறீர்கள். வந்தது. மகனுக்கு இருந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. வீட்டில் அதுவரை பூனையே வளர்க்காத சம்பந்தி, பூனை வந்த அன்று சாயங்காலம் ஆரம்பித்து விடாமல் தும்மினார். முன்பெல்லாம் அவர் தும்மினால் சம்பந்தியம்மாள் ஞானபூரணி 'நூறு' என்று ஆயுசு சொல்வது வழக்கமாம். ஒரு நாளைக்கு நாற்பது தும்மல் என்று ஆனதும், "நாலாயிரம் வயசு வரைக்கும் இந்த மனுசனோட நான் என்ன பண்ணுவேன்" என்று நிறுத்திவிட்டார்.

ஆனால் கம்பெனிக்காரன் லேசுப்பட்டவனா? சர்டிபிகேட்டின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தான்: 'முதல் ஒரு மண்டலம் தும்மல் வரும். அது உடம்பில் தங்கியிருக்கும் பழைய பூனைகளின் வாடை வெளியேறுவதாகும்.' ஆக, தும்மல் வராவிட்டால் பூனை நல்ல பூனை. தும்மல் வந்தால் ரொம்ப நல்ல பூனை. ஒரு மண்டலம் கழிந்தது. சம்பந்தி தன் பாட்டுக்கு இரண்டாவது மண்டலம் ஆரம்பித்தார். அதற்குள் லாட்ஜ் மாடியில் பூட்டுத் தொங்கியது. "ஓடிட்டாகளாமே?" என்றேன். "யாரு சொன்னா? எடம் பத்தல சம்பந்தி. பெரிய எடமாப் பாத்துப் போயிருக்காக" என்றார். திருச்சியில் வேலை பார்த்துக்கொண்டு வாரம் தவறாமல் வந்த என் மருமகனுக்கு மட்டும் திடீரென்று லீவே கிடைக்காமல் போனது.

கடைசியில் அனிதா ஒரு தீர்ப்புச் சொன்னாள். "ஒரு நா போயி இருந்து பாப்பேன். பூனை வெளிய முத்தத்துல இருக்கணும். சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்ல ஒருத்தரும் தும்மக் கூடாது. தும்முனா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு நான் பாட்டுக்கு வந்துருவேன்."

நான் பிள்ளையின் துணிமணியில் பாதியை மட்டும் பையில் எடுத்து வைத்தேன். பாதி எதற்கு, அதுவே அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

டவுன் பஸ்ஸில் போய் இறங்கினால், சம்பந்தி வாசலில் நிற்கிறார். மூக்கு மிளகாய்ப் பழம். கண் இரண்டும் கோவைப்பழம். கழுத்தில், ஓய்வு பெற்ற அன்றோடு கழற்றிய பழைய விசில்.

"வாங்க சம்பந்தி, வாம்மா அனிதா, வாங்க, வா... வா..." அவர் முகம் ஒரு மாதிரி சுருங்கியது. சட்டென்று விசிலை வாயில் வைத்தார். பீப்ப்!

தெருவில் போன ஒரு சைக்கிள்காரர் பயந்து காலை ஊன்றிவிட்டார்.

"அது என்ன மாமா?" என்றாள் அனிதா.

"பழைய பழக்கம்மா. வரவேற்கிறது."

உட்கார்ந்தோம். பீப்ப்! பணியாரம் வந்தது. பீப்ப்! பூனை முற்றத்திலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்தது. பீப்ப், பீப்ப்! தும்மலைச் சிலர் அடக்குவார்கள், சிலர் இருமலாக மாற்றுவார்கள். அதை அப்படியே விசிலுக்குள் விட்டு ஊதி அனுப்பிய மனிதரை அன்றுதான் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வாசலில் வந்து வரிசையாக நின்று, "சார், எங்குட்டு ஓடணும்?" என்று கேட்டார்கள். ஞானபூரணி அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்று மணி இருக்கும். பூனைக்கு என்ன தோன்றியதோ, முற்றத்திலிருந்து ஒரே தாவலாகத் தாவி நேராகச் சம்பந்தி மடியில் ஏறி, வாலால் அவர் மூக்கைத் துடைத்தது. அவர் விசிலை வைத்தார். ஆனால் வந்தது விசிலுக்குள் அடங்குகிற தும்மல் இல்லை. வீடு அதிர்ந்தது. விசில் வாயை விட்டுப் பறந்து, கயிற்றோடு தலையைச் சுற்றி வந்து, அவர் நெற்றியிலேயே டொக்கென்று அடித்தது.

 அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. கூஜாவிலிருந்து தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தால் என் பேத்தி. வாயைத் திறந்து, பொக்கை ஈறு தெரிய, உடம்பெல்லாம் குலுங்க, சத்தம் போட்டுச் சிரிக்கிறது! இத்தனை மாதம் நான் குரைத்ததற்கும் உறுமியதற்கும் வராத சிரிப்பு.

அனிதாவும் சிரித்துவிட்டாள். ஆனால் அவள் என் மகள். "மாமா, காலையிலருந்து பதினேழு விசில். அம்புட்டும் தும்மல்தானா?"

"இல்லம்மா. அப்பப்ப ஊதலைன்னா விசிலு துருப்பிடிச்சிரும்."

அனிதா பூனையைப் பார்த்தாள், பிள்ளையைச் சேலையால் மூடிக்கொண்டாள், எழுந்து பையை எடுத்தாள். "அப்பா, கெளம்புவோம்."

நான் ஜெயித்துவிட்டேன். எழுந்து வேட்டியை உதறிக் கட்டினேன்.

"நான் சொல்லிச் சொல்லி வாயி வலிச்சுப் போச்சு சம்பந்தி" என்றார் ஞானபூரணி அம்மாள். "ஏமாந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் முடிஞ்சுச்சு. இவுக பேத்திய விட்டாலும் விடுவாக, பூனைய விட மாட்டாக."

 கூடத்து உத்திரத்தில் அவரே பெயிண்ட் அடித்து மாட்டிய தொட்டில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சம்பந்தி துண்டால் கண்ணைத் துடைத்தார், திரும்பத் துடைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா நல்லாச் சிரிச்சுச்சா சம்பந்தி? எனக்குக் கண்ணு பூராத் தண்ணியா இருந்துச்சு. பாக்க முடியல."

அப்போது என் வாய் எனக்குச் சொந்தமாக இல்லை. அது பாட்டுக்குப் பேசியது.

"சம்பந்தி, அந்தப் பூனைய எனக்குக் கொஞ்ச நாளைக்குக் குடுங்களேன். எங்க வீட்ல எலித் தொல்லை தாங்க முடியல."

என் வீட்டில் எலியே கிடையாது. அனிதாவுக்கு அது தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் உத்திரத்தைப் பார்த்தேன்.

"இது சாதாரணப் பூனை இல்ல சம்பந்தி" என்றார் அவர். "பாத்துக்குவீகளா?"

"ராசா மாதிரிப் பாத்துக்கிறேன்."

சுவரிலிருந்து சர்டிபிகேட்டைக் கழற்றி, துண்டால் துடைத்து, என் கையில் கொடுத்தார். பெண்ணைக் கட்டிக் கொடுத்தபோது நான்கூட அவ்வளவு கலங்கவில்லை. வீட்டைக் கழுவி விட்டார்கள். பிள்ளை அங்கே தங்கியது. நான் ஒரு கையில் பூனைக் கூடையும், ஒரு கையில் கண்ணாடிச் சட்டமுமாக டவுன் பஸ் ஏறினேன்.

இப்போது அந்த வீட்டில் எலி இல்லை. ஞானபூரணி அம்மாள் சந்தையில் ஒரு மரப்பொறி வாங்கி வைத்தார். சம்பந்தி வாங்காத சாமான் என்பதால் அது நன்றாக வேலை செய்கிறது.

எனக்கு? மிளகாய் வற்றல் மூட்டைக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் நடுவில் படுத்துத் தூங்கிய மூக்கு இது. எந்தப் பூனையாலும் எனக்கு என்றைக்கும் தும்மல் வந்ததில்லை. அந்த லாட்ஜ் மாடியில் எட்டாவது ஆளாக உட்கார எனக்கு எல்லாத் தகுதியும் உண்டு. சம்பந்தி சும்மா இருப்பாரா? "எங்க சம்பந்தி வீட்ல மூணு மாசமா இருக்கு. ஒரு தும்மல் கெடையாது. போயிக் கேட்டுப் பாருங்க!" என்று காரைக்குடி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். ஆட்கள் பஸ் ஏறி வந்து கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல? உண்மையைச் சொல்கிறேன். ஒரு தும்மலும் இல்லை.

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒருவர் வந்து, படத்தில் வெள்ளையாக இருக்கிறதே என்றார். "தண்ணி மாறுனா நெறம் மாறும்" என்றேன். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டேன். பூனை பால் குடிக்க ஒரு கிண்ணம் தனியாக வாங்கியிருக்கிறேன். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதனாலென்ன, பால் சூடு ஆற அது நல்லதுதான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்தபின் ஒரு ஏணி போட்டு உங்கள் வீட்டுப் பரணில் ஏறி, அங்கே பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடி ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். இதை எதற்கு வாங்கினீர்கள் என்று வீட்டில் கேட்பார்கள். 'நல்ல சாமான்தான், நம்ம ஊரு கரண்டு பத்தல' என்று உங்கள் நாக்கு நுனியில் வந்து நின்றதானால், இறங்கி நேரே அமராவதிபுதூருக்கு வாருங்கள். கருப்பட்டியை உங்கள் மடியில் தருகிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருங்கள்.

தும்மல் வராது. வந்தால், பழைய வாடை வெளியேறுகிறது என்று அர்த்தம்.