மாதவி திறந்து வைத்த கோப்பு

லோரிப் பட்டியலை மாதவி திறந்து வைத்திருக்கிறார், நீங்கள் படிக்க மட்டும்தான் முடியும் என்று திரை சொன்னது. விமலனுக்குக் கோபமே வரவில்லை.

மாதவி நான்கு மாதங்களுக்கு முன் இந்தக் கிள்ளான் அலுவலகத்திலிருந்து டெங்கில் கிளைக்கு மாற்றலாகிப் போனவள். போகிற அன்று சொல்ல நினைத்ததை விழுங்கிவிட்டு, "ரோட்டுல ஜாம் இருக்கும், பார்த்துப் போங்க" என்று மட்டும் சொல்லியிருந்தான். இந்த வாரம் முழுக்கக் காலையில் கணினியைத் திறந்தால் அவள் பெயர்.

அவளே மூடட்டும் என்று காத்திருந்தான். லோரிகள் ஒரு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டன.

"ஒரே பைலை ரெண்டு பேர் மாத்தக் கூடாதுன்னுதான் சர்வர் பூட்டுது. உடைச்சிடவா அண்ணே?" என்று கேட்டான் கணினிகளைக் கவனிக்கும் ரேமண்ட்.

"வேணாம்லா. அவங்க ஏதாவது எழுதிக்கிட்டு இருப்பாங்க."

மறுநாள் பட்டியலைத் தன் கணினியில் நகல் எடுத்து வேலை செய்தான். வேகமாகத்தான் ஓடியது. ஆனால் அவன் மாற்றியதெல்லாம் அவனிடமே தங்கிவிட, கிடங்கில் சர்வரிலிருந்த பழைய பட்டியலை அச்சடித்தார்கள். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரே வாசலில் இரண்டு லோரிகள் நின்றன. சுங்கை வேயில் ஒன்றுகூட இல்லை.

நகலைச் சர்வரில் சேர்க்கப் பார்த்தான். பூட்டு விடவில்லை. வேறு பெயரில் வைத்தான். இரண்டு பட்டியல்கள் ஆயின. குளிரூட்டிய லோரியில் சிமெண்ட் ஏறியது. ஐஸ்கிரீம் திறந்த லோரியில் வெயிலில் போனது.

மேலாளர் பரமேஸ்வரன் கத்திக்கொண்டே வந்தார். "ரேமண்ட், இப்பவே அந்தப் பூட்டை உடை!"

"ஒரு நிமிஷம் பாஸ், நான் கேட்டுடறேன்" என்று விமலன் மாடிப்படிக்கு ஓடினான்.

மாதவியைக் கைபேசியில் அழைத்தான். மணி அடித்தது; அவள் எடுக்கவில்லை. குரல் பதிவு அனுப்பினான்.

"மாதவி, விமலன் பேசறேன். அந்த பைலை மூடிடுங்க. இல்ல, மூடாட்டியும் பரவால்ல. காலையில உங்க பேரைப் பார்த்தா, நீங்க இன்னும் பக்கத்து மேசையில இருக்கற மாதிரி இருக்கு. நீங்களும் என்னை நினைச்சுத்தான் திறக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கடையில ஒரு தே குடிக்கலாமா?"

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. கேட்டுவிட்டாள்!

உள்ளே வந்தான். அவனுடைய இருக்கையில் ரேமண்ட் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, டெங்கில்ல யாருமே இதைத் திறக்கல. போன வாரம் உங்களுக்குக் கொடுத்த இந்தக் கம்ப்யூட்டர் மாதவி அக்கா விட்டுட்டுப் போனது, அதுல இருந்த அவங்க பேரை மாத்த நான் மறந்துட்டேன். நீங்க பைலை மூடாம வீட்டுக்குப் போயி, நீங்களே உங்களைப் பூட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க."