சாமைக்கொல்லைப் பலகை

அரசாங்கத்தில் எழுத்துக்கென்றே ஒரு துறை இருந்தது. அதன் உதவி அலுவலர் பஞ்சாட்சரம், இயக்குநர் பேசும்போது கொட்டாவி விட்ட குற்றத்துக்காக 1979இல் ஜவ்வாது மலைக்கு மாற்றப்பட்டார். ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் பராமரிப்பது அவர் பொறுப்பு. மலையில் பலகையே கிடையாது என்பதால் அந்தப் பொறுப்பைக் குறைவில்லாமல் நிறைவேற்றி வந்தார்.

எப்படியாவது கீழே இறங்கிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. வேலூரில் இருக்கும் மனைவி மணியம்மாளின் முகமே மறந்துவிடும் போலிருந்தது. பெரிதாக எதையாவது கண்டுபிடித்தால் இடமாற்றம் கிடைக்கும் என்பதை முதலில் கண்டுபிடித்தார்.

எழுத்துகள் ஏன் தனித்தனியே விறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்? ஆபீஸில் அவர் அப்படியா நின்றார்? இயக்குநர் பக்கத்தில் வளைவார், பியூன் பக்கத்தில் நிமிர்வார். எழுத்தும் அக்கம்பக்கம் பார்த்து உருவம் மாறட்டும். குண்டு எழுத்து வந்தால் அடுத்தது வயிற்றை எக்கும். கொம்பு நீண்டால் பக்கத்தது தலை குனியும். 'அண்டை அனுசரணை எழுத்து' என்று அதற்கு நாமகரணம் செய்து, சாமைக்கொல்லை என்ற ஊரின் முனையில் பெரிய பலகை நட்டார். எல்லா எழுத்தும் எல்லாவற்றையும் அனுசரித்ததில், பலகையில் சிக்கெடுக்காத தலைமுடி போல ஏதோ கிடந்தது.

விதிப்படி பொதுமக்களிடம் சோதனை நடத்த வேண்டும். ஊர் கூடியது. அங்கே ஊர்க்கவுண்டர் வாய் திறக்காமல் யாரும் திறப்பதில்லை. கவுண்டர் தீர்த்தகிரியோ வந்தவர் மனம் நோகப் பேசாதவர்.

"படிக்க முடியுதா கவுண்டரே?"

"ஏன் முடியாதுங்க? சாமைக்கொல்லை."

உடனே ஊரே "சாமைக்கொல்லை" என்றது.

ஓரமாக உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த மங்கம்மாளைப் பஞ்சாட்சரம் கூப்பிட்டார்.

"நீ படிம்மா."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே."

"சும்மா பார்த்துச் சொல்லு."

"சாமைக்கொல்லை. எங்க ஊர்ல வேற இன்னா எழுதுவீங்க?"

பஞ்சாட்சரத்துக்கு மெய்சிலிர்த்தது. 'எழுத்தறியாதவரும் பிழையின்றி வாசிக்கும் உலகின் முதல் எழுத்து' என்று அறிக்கை அனுப்பினார். கூடவே இடமாற்ற விண்ணப்பமும் போனது.

இயக்குநர் நேரில் ஆய்வு செய்யக் கிளம்பினார். பஞ்சாட்சரம் கஞ்சி போட்ட சட்டையும் கையில் மாலையுமாக ஊர் நடுவே காத்திருந்தார். காலை போய் மதியம் போய், மாலையும் வாடியது. பொழுது சாயும் நேரம் மங்கம்மாள் சுள்ளிக்கட்டோடு வந்தாள்.

"ஜீப்பு ஒண்ணு வந்துச்சுங்க. பலகையாண்ட நிறுத்தி, சாமைக்கொல்லை எங்க கீதுன்னு ஒருத்தர் கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"பலகையிலயே எழுதிக்கீது, படிச்சுக்குங்கன்னேன். ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் செங்கம் பக்கமா போய்ட்டாரு."

'அப்படியோர் ஊர் மலையில் இல்லை' என்றது இயக்குநரின் ஆய்வறிக்கை. 'அந்த ஊரார் அனைவரும் தேர்ச்சி' என்றது பஞ்சாட்சரத்தின் சோதனை அறிக்கை. இரண்டு கோப்பும் ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் ஒன்றையொன்று அனுசரித்துக்கொண்டன. எழுத்து மாநிலம் முழுவதற்கும் அங்கீகரிக்கப்பட்டது. இல்லாத ஊரிலிருந்து இடமாற்றம் தர விதியில் இடமில்லை என்று பஞ்சாட்சரத்துக்குப் பதில் வந்தது. பாவம், மனிதர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

நம் ஊர் முனையிலும் போன மாதம் அதே பலகையை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்த்திருப்பீர்கள். ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை; எல்லோரும் தடங்கல் இல்லாமல் படித்துவிட்டோம். நம் ஊர்ப் பெயர் நமக்குத் தெரியாதா என்ன?