இரண்டு வாட் பந்தயம்

தன் ஸ்பீக்கருக்குத் தகுந்த ஆம்ப்ளிஃபயர் வரும்வரை ஓய்வதில்லை என்று கண்ணாடிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது சபதம் எடுத்தார். எடுத்த சபதத்தை வாயில் நுரையோடு அறிவித்தார். அவர் மனைவிக்கு அது கொதிக்கிற கஞ்சி மாதிரி கேட்டது.

"முதல்ல துப்புங்க. அப்புறம் பேசுங்க."

அவர் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துச் சொல்கிறவர். நாள் முழுக்க இருட்டறையில் வில்லையை மாற்றி மாற்றி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. மனைவி தையல்காரி. ஹாலில், ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில் அவள் துணி வெட்டும் மேஜை. பதினோரு வருஷமாக அந்த வீட்டின் தலைநகரம் அதுதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தத் தலைநகரத்தின் எல்லையில் இரண்டு மரப்பெட்டிகள் வந்து இறங்கின. மார்பளவு உயரம். அலமாரி என்று நினைத்து அவள் சந்தோஷப்பட்டு, கதவைத் தேடிக் களைத்துப் போனாள்.

"இவ்வளவு பெரிய பெட்டியில ஒத்தைக் கூம்புதானா?"

"அதாம்மா விஷயமே! மத்த ஸ்பீக்கர்ல மூணு நாலு கூம்பு இருக்கும். ஒண்ணு கீச்சுக்கு, ஒண்ணு நடுவுக்கு, ஒண்ணு டொம்முக்கு. இதுல எல்லாத்துக்கும் ஒரே ஆள்."

"இந்த வீட்ல நான் இருக்கற மாதிரி."

கண்ணாடிக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அதோட, ரொம்பத் திறமையான ஸ்பீக்கர். துளி மின்சாரம் கொடுத்தா போதும், தெருவுக்கே கேக்கும்."

"உங்க அக்கா மாதிரின்னு சொல்லுங்க."

வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. இருநூறு வாட். அதை இந்த ஸ்பீக்கரோடு பூட்டியது சைக்கிளுக்கு ரயில் இன்ஜினை மாட்டிய கதைதான். பாட்டு ஓடும்போது தெரியாது. நின்றால் பெட்டிக்குள்ளிருந்து "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு இரைச்சல். இதற்கு மருந்து இரண்டே வாட் கொடுக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் என்று ரேடியோ மெக்கானிக் சொல்லி, தான் செய்த ஒன்றைப் பார்த்துவிட்டுத் தரும்படி இரவல் கொடுத்தார். கண்ணாடிக் குமிழ்கள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றன. இரைச்சல் போன இடம் தெரியவில்லை.

"இனி வால்வுதான் வாழ்வு!" என்றார் கண்ணாடிக்காரர்.

"இருநூறு வாட்டிலிருந்து ரெண்டு வாட்டா? என்னை வாட்டறது மட்டும் குறையவே இல்லையே."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. இந்த மாதிரி ஸ்பீக்கர் ஒரே ஒரு இடத்துல உக்காந்து கேட்டாத்தான் முழுசாக் கேக்கும். ரெண்டு பெட்டிக்கும் நேர் நடுவுல, ஏழடி தள்ளி. அளந்து பாத்துட்டேன்."

"எங்கே வருது?"

அவர் மெதுவாகக் கையை நீட்டினார். விரல் நுனி வெட்டு மேஜையின் மேல் போய் நின்றது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து ஒரு அடி பின்வாங்கியிருந்தார். அவள் கத்தவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சரிங்க. ஒரு பந்தயம். நீங்க கண்ணைக் கட்டிட்டு உக்காருங்க. அஞ்சு தடவை அதே பாட்டைப் போடறேன். எந்த ஆம்ப்ளிஃபயர்னு அஞ்சையும் சரியாச் சொன்னா, என் மேஜை பின் அறைக்குப் போகும். ஒண்ணு தப்பானாலும் பெட்டிங்க அங்கே போகும்."

கண்ணாடிக்காரருக்கு உள்ளுக்குள் லட்டு வெடித்தது. பாட்டை எவன் கேட்கப் போகிறான்! பாட்டு முடிந்ததும் "உஸ்" என்றால் பெரிசு, சத்தமில்லை என்றால் சின்னது. சின்னப் பிள்ளைகூட ஜெயிக்கும். ஆனால் முகத்தை ஒரு ஞானியைப் போல வைத்துக்கொண்டு, "காது ஒரு வரம்மா. பார்க்கலாம்" என்றார்.

மெக்கானிக் வந்து, இரண்டுக்கும் நடுவில் மாற்றுச் சுவிட்ச் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். மாலை நாலு மணிக்கு அவள் லைனிங் துணியை நாலாய் மடித்து அவர் கண்ணில் இறுக்கிக் கட்டினாள்.

முதல் பாட்டு முடிந்தது. "உஸ்ஸ்ஸ்."

"பெரிசு!" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "குரல்ல ஒரு தகர வாடை. பாடறவருக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி."

இரண்டாவது பாட்டு முடிந்தது. நிசப்தம்.

"சின்னது! ஆகா, பாடறவர் மடியில உக்காந்து பாடறார்."

"அவருக்கு என்ன வயசுங்க?"

"குறுக்கே பேசாதே, காது கலையுது."

மூன்றாவது, "உஸ்ஸ்ஸ்." பெரிசு, வயலின் ரம்பமாகிவிட்டது என்றார். நான்காவதும் "உஸ்ஸ்ஸ்". மறுபடி பெரிசு, காதில் மணல் கொட்டுகிறது என்றார். ஐந்தாவது நிசப்தம். சின்னது. கண்ணில் கட்டிய துணிக்கு அடியில் ஆனந்தக் கண்ணீர் வருவதாகவும் சொன்னார்.

"இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பளிங்கு மாதிரி இருக்கு. மேஜையை எப்ப நகர்த்தலாம்?"

அவள் கட்டை அவிழ்த்தாள். சுவிட்ச் சின்னதன் பக்கம் இருந்தது. சரிதானே என்று சிரித்தவர், பெரிசைப் பார்த்தார். அதன் மின்சார வயர் பிளக்கோடு சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அலமாரி மேல் கிடந்தது.

"அஞ்சு தடவையும் சின்னதுதாங்க."

"அப்ப... உஸ்ஸு?"

அவள் மேஜையைக் காட்டினாள். நீராவி இஸ்திரிப் பெட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூன்று கால்சட்டைகள், மடிப்புக் கலையாமல்.

"இது மோசடி! அழுகுணி ஆட்டம்!"

"துணி தேய்க்கக் கூடாதுன்னு பந்தயத்துல சொன்னீங்களா? பாட்டைக் கேட்டுத்தானே சொன்னீங்க? பாட்டு முடிஞ்சப்புறம் வந்த சத்தத்துக்கும் வயலினுக்கும் என்னங்க சம்பந்தம்?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். பாட்டைக் கேட்கவே இல்லை என்று சொன்னால் மானம் போகும். கேட்டேன் என்றால் காது போகும். பேச்சை மாற்றினார்.

"இரைச்சல் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வாரமா என் தலைமாட்டுல உஸ்ஸுன்னுது. எனக்கும் ரெண்டு காது இருக்குங்க."

பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பின் அறைக் கதவைத் திறந்தவர் திகைத்து நின்றார். தட்டுமுட்டுச் சாமான் எதுவும் இல்லை. பெருக்கி, துடைத்து, பெட்டி வைக்க இரண்டு இடத்தில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டு, நேர் நடுவில், ஏழடி தள்ளி, மெத்தை தைத்துப் போட்ட ஒரு நாற்காலி.

"எப்பம்மா காலி பண்ணே?"

"காலையில நீங்க மெக்கானிக்கைக் கூப்பிடப் போனப்ப."

"பந்தயம் முடியறதுக்கு முன்னாலயா!"

"முடியறதுக்கு என்னங்க இருக்கு?"

அவர் உட்கார்ந்தார். வால்வு கனன்றது. பாட்டு தொடங்கியது. வாழ்க்கையில் அப்படி ஒரு பாட்டை அவர் கேட்டதில்லை. மேஜை இல்லை, இஸ்திரி இல்லை; பாடுகிறவர் நிஜமாகவே எதிரில் வந்து நின்றார். தோற்றதுகூட மறந்துபோய்க் கூவினார்: "ஏம்மா, இங்கேதான் பிரமாதமா இருக்கு!"

"கதவைச் சாத்துங்க, இன்னும் நல்லா இருக்கும்."

சாத்தினார். காது கொடுத்துக் கேட்டார். மறுபடி திறந்து தலையை நீட்டினார்.

"ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே?"

"உள்ளே தெரியாதுங்க," என்றாள் அவள், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டே. "வெளியிலதான் நல்லா இருக்கு."