மேனேஜரின் தொண்டை

"இந்தச் செருமல் நிக்கிற வரைக்கும் நான் ஹால்லதான் படுப்பேன்!"

தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனைவி கிளம்பிவிட்டாள். மேனேஜர் "க்ஹும்" என்றார். அவர் சண்டைக்கும் அதுதான், சமாதானத்துக்கும் அதுதான்.

டாக்டர் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

"வயித்து அமிலம் மேல ஏறுது. காபி, சாக்லேட், பொரிச்சது, புளிப்பு, காரம் எல்லாத்தையும் விடுங்க. ராத்திரி சாப்பிட்டதும் படுக்கக் கூடாது."

"அப்புறம் எதைத்தான் சாப்பிடறது?"

"மிச்சத்தை."

காபியை விட்ட அன்றைக்கே ஆபீஸில் கேஷியர் ஆவி பறக்க ஒரு கோப்பையோடு வந்து நின்றார்.

"ஒரே ஒரு வாய் சார். டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க."

மனசு கேட்கவில்லை, குடித்தார். ராத்திரி பூரா க்ஹும், க்ஹும்.

"கேக்குது!" என்றது ஹால்.

மறுநாள் ஆபீஸில், காபி கூடவே கூடாது என்று மேனேஜர் கறாராகச் சொன்னார். டைப்பிஸ்ட் அம்மா சாக்லேட்டை நீட்டினார்.

"பொண்ணு பாஸாயிட்டா சார்."

"போன வாரமும் பாஸானாளே?"

"இது வேற பரீட்சை சார்."

அதையும் மறுத்தார். பொரித்த உருளைக்கிழங்கு வந்தது. அதையும் வேண்டாமென்றால், உரித்த ஆரஞ்சு! "பழம்தானே சார், பச்சைக் குழந்தை கூட சாப்பிடும்." தின்றார்; செருமல் இரட்டிப்பானது.

"ஆபீஸே எம்மேல உயிரை வச்சிருக்கு" என்று வீட்டில் கண் கலங்கினார். "நீ என்னடான்னா ஹால்ல கிடக்கே."

"அப்ப ஆபீஸ்லயே போய்ப் படுங்க!"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குழைந்த சோறும் வேகவைத்த காயும் கட்டிக்கொண்டு போய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றார். யார் எதை நீட்டினாலும் பெரிய கும்பிடாகப் போட்டார். இருட்டுவதற்குள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்தார். மெல்ல மெல்லத் தொண்டை அடங்கியது. ஒருநாள் காலையில் கண் விழித்தால், பக்கத்தில் மனைவி, தலையணை சகிதம்!

பூனை மாதிரி படியேறி ஆபீஸுக்குள் நுழைந்தார். கேஷியர் நாற்காலியோடு சரிந்தார். டைப்பிஸ்ட் அம்மா கையிலிருந்த கம்பளி நூல்கண்டு அறை முழுக்க உருண்டது.

"எனக்கு முழுசா குணமாயிடுச்சுப்பா!"

ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. கேஷியர் மூக்கை உறிஞ்சினார்.

மேனேஜருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் குனிந்து கேட்டார்.

"ஏம்மா, இவங்க சந்தோஷப்பட வேண்டாமா?"

"எப்படிப் படுவாங்க சார்? இத்தனை வருஷமா நீங்க படியில செருமற சத்தம் கேட்டுத்தானே இவங்க தூக்கத்துலேர்ந்து முழிச்சாங்க!"