சாக்ஸ் அங்கிளின் ஷூ

எங்கள் அமெரிக்க ஊரான பார்சிப்பனியில் எத்தனையோ பேரின் முகத்தைக் கடவுள் மறந்திருக்கலாம். சாக்ஸ் அங்கிளின் பாதத்தை மட்டும் மறந்திருக்க வாய்ப்பே இல்லை. தூத்துக்குடிக் கத்தோலிக்கர், என்னோடு ஒரே ஆபீஸ். அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மரியாதைக்குரிய இடம் என்று தோன்றிவிட்டால் போதும், மனிதர் ஷூவைக் கழற்றிவிடுவார். சர்வர் ரூம் வாசலில் கழற்றினார். கிரீன் கார்டு இன்டர்வியூவில் கழற்றப்போய், "சார், இது ஏர்போர்ட் இல்லை" என்று அதிகாரியே தடுத்தாராம்.

ஞாயிறு பூசைக்கு சர்ச் வாசலில் ஒரே ஒரு ஜோடி ஷூ கிடக்கும். யாரோ தொலைத்தது என்று நினைத்து வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் அதை எடுத்து உள்ளே வைத்துவிட, அங்கிள் ஜனவரிப் பனியில் சாக்ஸோடு கார்வரை நடந்தார். நானும் அவர் ஊர்ப்பக்கம்தான். ஆனால் வந்த முதல் வாரமே ஷூவோடு கோயிலுக்குள் போகப் பழகிக்கொண்டேன்.

"உனக்குக் கூசலியாப்பா?" என்று ஒருமுறை கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

மகள் ஷெரினுக்கு அதே கோயிலில் கல்யாணம் நிச்சயமானபோதுதான் சிக்கல் வந்தது. பெண்ணைக் கைபிடித்து பீடம்வரை அழைத்துப்போக வேண்டியவர் அவர்.

"டாட், ப்ளீஸ். ஜஸ்ட் ஒன் டே. எல்லாரும் உங்க காலைத்தான் பார்ப்பாங்க."

"அப்ப உங்க மாமா கூட்டிட்டுப் போகட்டும்" என்றார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ரிசப்ஷன் புடவை எடுக்க இருவரும் ஊருக்குக் கிளம்பினார்கள். லீவில் போன எனக்கும் அதே விமானம், அதுவும் நடு சீட். "தண்ணி வேணுமான்னு கேளுப்பா", "வேண்டாம்னு சொல்லுங்க அங்கிள்" என்று இஸ்தான்புல்வரை தபால்காரன் வேலை பார்த்தேன். அங்கே பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். சும்மா இருப்பானேன் என்று ஊர் பார்க்கப் போனோம்.

ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன் தேவாலயமாகக் கட்டி, பின்னால் மசூதியான சிறிய கட்டடம் ஒன்று. வாசலில் மர அலமாரி நிறைய ஷூக்கள். எந்தெந்த நாட்டுக்காரர்களோ வரிசையாகக் குனிந்து லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிள் அப்படியே நின்றுவிட்டார்.

"எல்லாரும் கழட்டுறாங்கப்பா" என்றார்.

உள்ளே கம்பளம். தூண்களுக்கு மேலே சுற்றிலும் செதுக்கிய பழைய கிரேக்க எழுத்து. ஓரமாக ஒருவர் தொழுதுகொண்டிருந்தார். ஷெரின் ஸ்கார்ஃபை முக்காடாகப் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"நம்ம ஊர் கோயில்ல பொம்பளைங்க இப்படித்தான் உக்காந்திருப்பாங்க" என்றார் அங்கிள், அவளிடமே.

"அங்க எல்லாருமே ஷூ கழட்டுவாங்களா?"

"எல்லாரும்தான். அங்க நான் சாக்ஸ் அங்கிள் இல்லம்மா."

அந்தப் பெயர் அவர் காதுக்குப் போயிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அதை வைத்தவன் நான்.

கல்யாணத்தன்று அங்கிள் புத்தம்புதுக் கறுப்பு ஷூ போட்டு வந்தார். நடக்க நடக்க அது கிறீச் கிறீச் என்றது. மகளுக்காக விட்டுக்கொடுத்துவிட்டார் மனிதர். முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

பீடத்துக்குப் போகும் பாதி வழியில் ஷெரின் கவுனைச் சற்றுத் தூக்கினாள். வெறுங்கால்.

"என்னம்மா இது?"

"நீங்க எதுக்குப்பா ஷூ போட்டீங்க?"

அங்கிள் அங்கேயே குனிந்து லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார். ஆர்கன்காரர் வாசித்ததையே மறுபடி வாசித்தார். கழற்றிய ஷூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் அங்கிள் கையில் பிடித்தபடி நின்றார்.

நான் எழுந்துபோய் வாங்கிக்கொண்டேன். பூசை முடியும்வரை அது என் மடியில்தான் இருந்தது. கீழே வைக்க மனம் வரவில்லை.